ஸ்பானர் பிடித்த கையோடு விசாரணை நின்றுவிடக் கூடாது

2022 பெப்ரவரி 9ஆம் திகதி காலை மும்பையிலிருந்து குஜராத்தின் புஜ் நகருக்குப் புறப்பட்ட அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் தரையை விட்டு எழும்பும்போது, அதன் எஞ்சின் ஒன்றின் மேல்மூடி கழன்று ஓடுபாதை ஓரத்தில் விழுந்தது. உள்ளே சுமார் 70 பேர் இருந்தார்கள். விமானம் தொடர்ந்து பறந்து புஜ்ஜில் பத்திரமாக இறங்கியது. முந்திய பராமரிப்பு வேலை முடிந்த பிறகு மூடியின் பூட்டுகள் ஒழுங்காகப் பூட்டப்படவில்லை என்பதே காரணம் என்று தெரியவந்தது. அதே நிறுவனம், அதே வகை விமானத்தோடு, பத்து மாதம் கழித்து 2022 டிசெம்பர் 12ஆம் திகதி சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையிலான சேவையை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் ஏடிஆர் 72 விமானத்தோடு இந்தப் பாதையில் சேர்ந்துகொண்டது. இரண்டு நிறுவனங்களில் எதையும் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. யாழ்ப்பாணத்து மக்கள் ஏறி இறங்கும் விமானத்தின் பாதுகாப்பு, விமானியின் கையில் மட்டுமல்ல, முதல் நாள் இரவு அந்த மூடியைத் திறந்து மூடியவரின் கையிலும் இருக்கிறது என்பதை நாம் பேச ஆரம்பிக்க வேண்டும். அவர் பிழை விட்டால் அந்தப் பிழைக்கு வழிவிட்டது எது என்றும் கேட்கப் பழக வேண்டும்.

விமானம் என்றதும் இந்த மண்ணுக்கு வரும் பயம் வேறு வகையானது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டு 55 பேர் போனார்கள். 1947இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த காலமும், பிறகு பல பத்தாண்டுகள் பலாலி படைமுகாமுக்குள் அடைபட்டுக் கிடந்த காலமும் நம் நினைவில் இருக்கின்றன. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது ஓடுபாதையின் நீளம், காணி விடுவிப்பு, பயணக் கட்டணம், பொதி எடை எல்லாம் பேசப்பட்டன. பராமரிப்பு பற்றிய பேச்சு எழவில்லை. போர் ஓய்ந்த வானத்தில் இனி ஆபத்து வருவதானால் பெரும்பாலும் அது வானிலையாலும் மனிதப் பிழையாலும்தான் வரும். மனிதப் பிழை என்றால் நாம் விமானியை மட்டுமே நினைக்கிறோம்.

பலாலிக்கு வரும் அதே ஏடிஆர் 72 வகை விமானத்துக்கு 2005 ஓகஸ்ட் 6ஆம் திகதி நடந்ததை இந்த இடத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பா தீவுக்கு 39 பேருடன் போன துனின்டர் நிறுவன விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் நடுவானில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. தாங்கிகளில் எரிபொருள் தீர்ந்திருந்தது. ஆனால் விமானியின் முன்னால் இருந்த மானி, இன்னும் சுமார் 1,800 கிலோ இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. விமானம் சிசிலித் தீவுக்கு அருகே கடலில் விழுந்து 16 பேர் இறந்தார்கள். முதல் நாள்தான் அந்த எரிபொருள் மானி மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் பொருத்தியது ஏடிஆர் 42 என்ற சிறிய விமானத்துக்குரிய மானி. இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் சரியாகப் பொருந்தும். தாங்கியின் கொள்ளளவு வேறு என்பதால் காட்டும் கணக்கு மட்டும் பிழைக்கும். உதிரிப்பாகங்களைத் தேடும் கணினிப் பட்டியலிலோ, ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போடலாம் என்று காட்டும் பிழையான பதிவு இருந்தது. சரியான பாகம் பட்டியலில் அகப்படாமல் போகவும், அகப்பட்டதை அவர் எடுத்துப் பூட்டினார். புறப்படுமுன் நிரப்பிய எரிபொருளின் கணக்கும் மானி காட்டிய கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வாய்ப்பு விமானிக்கும் இருந்தது, நிறுவனத்துக்கும் இருந்தது. அந்தச் சரிபார்ப்பும் ஒழுங்காக நடக்கவில்லை.

இதில் பிழை விட்டது யார்? மானியைப் பூட்டியவர் என்பது உடனே வரும் பதில். பட்டியலில் பிழையான பதிவை ஏற்றியவரும் அதைச் சரிபார்க்காதவரும் இதில் இல்லையா? இரண்டு வெவ்வேறு மானிகளை ஒரே இடத்தில் பொருந்தும்படி வடிவமைத்தவர்களும்? தவறான பாகம் உட்காரவே முடியாதபடி ஆணியின் இடத்தையோ இணைப்பின் வடிவத்தையோ மாற்றியிருந்தால், அன்று இரவு எத்தனை களைப்போடு ஒருவர் வேலை செய்திருந்தாலும் அந்த 16 பேர் இறந்திருக்க மாட்டார்கள். இத்தாலிய நீதிமன்றம் விமானிகளோடு நிறுவனத்தின் பொறுப்பாளர்களையும் தொழில்நுட்பவியலாளர்களையும் குற்றவாளிகளாகக் கண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் ஒருவருக்குச் சிறை விதிப்பதால் இன்னொரு நாட்டின் களஞ்சியத்தில் இருக்கும் அதே போன்ற இரண்டு மானிகள் வேறுபட்டுவிடுவதில்லை. அதைச் செய்வது விசாரணை அறிக்கையும் அதைப் படித்துத் திருத்தும் நிறுவனமும்தான்.

கவலையீனமான, அரைகுறைப் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் இப்படிப் பிழை விடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 1990 ஜூன் 10ஆம் திகதி பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானத்துக்கு நேர்ந்ததே பதில். பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் போன விமானம் 17,000 அடிக்கு மேல் ஏறியபோது விமானியின் முன்கண்ணாடி பிய்ந்து போனது. விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். விமானி உயிர் தப்பினார். அந்தக் கண்ணாடி 27 மணித்தியாலத்துக்கு முன் புதிதாகப் போடப்பட்டது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்களில் 84 இருக்க வேண்டிய பருமனைவிட ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்லியவை. பூட்டியவர் புதியவர் அல்லர், அந்த இரவின் ஷிஃப்ட் பொறுப்பாளர். அனுபவமும் நல்ல பெயரும் உள்ளவர். ஆள் குறைவு என்பதால் தானே அந்த வேலையைச் செய்தார். விடியற்காலை நேரம். பழைய போல்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத இடத்திலிருந்த பெட்டியில் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். சரியான அளவு எது என்று களஞ்சியப் பொறுப்பாளர் சொல்லியும் அது அவர் மனதில் ஏறவில்லை. ஏணி நிறுத்தப்பட்ட விதத்தில், போல்ட் குழியில் சரியாக உட்காரவில்லை என்பது அவர் கண்ணுக்கும் படவில்லை. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. முன்கண்ணாடி, இரண்டாவது ஆள் பார்த்துக் கையொப்பமிட வேண்டிய பாகங்களின் பட்டியலில் இல்லை. மற்றவர்களின் வேலையைப் பார்க்க வேண்டியவர் அவரே என்பதால், அவருடைய வேலையைப் பார்க்க எவரும் இருக்கவில்லை.

அந்த இரவில் நடந்த ஒவ்வொரு சறுக்கலையும் தனித்தனியே எடுத்தால் எந்தத் தொழிலாளியும் ஒரு கட்டத்தில் செய்யக்கூடியதுதான். அவசரத்தில் கண்ணளவை நம்புவதும், இருட்டில் எழுத்தை ஊகிப்பதும், தெரிந்த வேலை என்று கைநூலைத் திறக்காமல் விடுவதும் மனித இயல்பு. அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடல் உறக்கத்துக்கு ஏங்கும் நேரத்தில் அந்த இயல்பு இன்னும் கூடுகிறது. பகலில் பறக்கும் விமானங்களுக்குப் பராமரிப்பு இரவில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. விமானி எத்தனை மணித்தியாலம் தொடர்ந்து பறக்கலாம் என்று எல்லா நாடுகளும் சட்டம் வைத்திருக்கின்றன. அந்த விமானத்தைத் திருத்துபவர் எத்தனை மணித்தியாலம் தொடர்ந்து நிற்கலாம் என்பதைப் பல நாடுகள் அதே இறுக்கத்தோடு வரையறுக்கவில்லை. இது எனக்கு ஏற்றுக்கொள்ளவே முடியாத முரணாகத் தெரிகிறது.

தனியாள் பிழைக்கும் அமைப்பின் பிழைக்கும் உள்ள உறவை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1991 செப்டெம்பர் 11ஆம் திகதி விழுந்த கொண்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானம் வெளிச்சமாக்கியது. வால் இறக்கையின் முன்விளிம்பைப் பிடித்திருந்த 47 ஸ்குரூக்கள் முதல் நாள் இரவு ஒரு ஷிஃப்டில் கழற்றப்பட்டன. அடுத்த ஷிஃப்டில் வந்தவர்களுக்கு அதை எவரும் எழுத்தில் சொல்லவில்லை. இறக்கையின் மேற்பக்கத்தைக் கீழே நிற்பவர்களால் பார்க்க முடியாது. விமானம் காலையில் சேவைக்குப் போனது. முன்விளிம்பு நடுவானில் பிய்ந்து, அதிலிருந்த 14 பேரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, பராமரிப்பு நடைமுறைகள் கைக்கொள்ளப்படாததையே காரணமாகக் குறித்தது. சபை உறுப்பினர் ஜோன் லோபர் அதோடு நிற்க மறுத்தார். நடைமுறையை மதிக்கும் வேலைப் பண்பாட்டை வளர்க்கத் தவறிய நிர்வாகத்தையும் காரணமாக எழுத வேண்டும் என்று தனியாகக் கருத்துப் பதிந்தார். அன்று சபையில் அவர் சிறுபான்மை. இன்று உலகெங்கும் விமானப் பாதுகாப்பைப் படிப்பிக்கிறவர்கள் அவருடைய வழியில்தான் படிப்பிக்கிறார்கள்.

நம் பிராந்தியத்திலும் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016 டிசெம்பர் 7ஆம் திகதி பாகிஸ்தானில் சித்ராலிலிருந்து இஸ்லாமாபாத்துக்குப் போன ஏடிஆர் 42 விமானம் விழுந்து 47 பேரும் மாண்டார்கள். எஞ்சின் சுழலியின் தகடு ஒன்று முறிந்ததில் தொடங்கிய விபத்து அது. அந்தத் தகடுகளை மாற்றியிருக்க வேண்டிய பராமரிப்பு, சில வாரங்களுக்கு முன் எஞ்சினைத் திறந்தபோது நடக்காமல் விடப்பட்டிருந்தது.

இதையெல்லாம் கேட்ட பின்னரும் நியாயமான ஒரு மறுப்பு எஞ்சியிருக்கும். தண்டனை இல்லையென்றால் எவன் கவனமாக வேலை செய்வான்? உயிர் போன குடும்பத்துக்கு அமைப்பின் கோளாறு என்று சொன்னால் நீதி கிடைத்துவிடுமா? இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. நம் நாட்டில் பஸ் கவிழ்ந்தால் சாரதி கைதாகிறார். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு கவனயீனத்தால் மரணம் விளைவித்தலைக் குற்றமாக்குகிறது. அந்தக் கைதோடு செய்தி முடிந்துவிடுகிறது. பஸ்ஸின் பிரேக்கைச் சோதித்தது யார், சாரதி எத்தனை மணித்தியாலம் ஓடினார், அந்த நேர அட்டவணையைப் போட்டது யார் என்ற கேள்விகள் அதோடு புதைகின்றன. குடும்பங்களுக்கு நீதி கிடைத்ததாகத் தோன்றுகிறது. அடுத்த வருடம் வேறோர் இடத்தில் இன்னொரு பஸ் கவிழ்கிறது.

விமானத் துறையில் இதன் விளைவு இன்னும் மோசமானது. 1996 ஒக்டோபர் 2ஆம் திகதி பெருவின் லிமா நகரிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கழுவும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் துளைகளை மூடிய ஒட்டுநாடா எடுக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் எல்லாம் அதனால் பொய் சொல்லின. ஒட்டுநாடா விமானத்தின் உடல் நிறத்திலேயே இருந்தது. மேற்பார்வையாளர் கண்ணிலும் படவில்லை, இருட்டில் விமானத்தைச் சுற்றிப் பார்த்த விமானி கண்ணிலும் படவில்லை. நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது, அதை ஒட்டிய தொழிலாளியை. பார்க்கத் தவறிய அத்தனை கண்களும், பளிச்சென்ற நிறத்தில் மூடி கொடுக்காத நிர்வாகமும் அந்தத் தீர்ப்பின் நிழலில் மறைந்துபோயின. இதைப் பார்க்கும் இன்னொரு தொழிலாளி கற்றுக்கொள்வது என்ன? தான் விட்ட பிழையை இரவோடிரவாகக் கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்பதைத்தான். விழாத விமானங்களில் நடக்கும் பிழைகள்தான், விழப்போகும் விமானத்தைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடியவை. அந்தச் செய்திகளைப் பயம் அடைத்துவிடுகிறது.

அதற்காகத் தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்யாத பரிசோதனையைச் செய்ததாகத் தெரிந்தே கையொப்பமிடுபவர், குடித்துவிட்டு வேலைக்கு வருபவர், குறை தெரிந்தும் விமானத்தை அனுப்பு என்று கட்டளையிடும் மேலாளர் ஆகியோருக்குச் சட்டம் கடுமையாக இருக்க வேண்டும். மேலாளருக்கு இன்னும் கடுமையாக. ஆனால் நேர்மையாக வேலை செய்து தவறியவரையும் இவர்களையும் ஒரே கூண்டில் நிறுத்தக் கூடாது. இந்த வேறுபாடு புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1976 முதல், தண்டனை அதிகாரம் இல்லாத நாசா அமைப்பிடம் விமானப் பணியாளர்கள் தங்கள் பிழைகளை இரகசியமாக அறிவிக்கலாம். வேண்டுமென்று செய்யாத தவறைப் பத்து நாளுக்குள் அறிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. பிரித்தானியாவில் 1982 முதல் இதுபோன்ற ஏற்பாடு இருக்கிறது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியைப் பங்கிடுவது அல்ல என்று சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் இணைந்த நாடுதான்.

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சரி, நாளுக்குச் சில விமானங்கள் வந்து போகும் பலாலிக்கு எதற்கு என்று கேட்கலாம். பணம் பிழையைத் தடுக்காது என்பதற்கு 2013 மே 24ஆம் திகதி இலண்டன் ஹீத்ரோவில் நடந்ததே சாட்சி. பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானம் ஒன்றின் இரண்டு எஞ்சின்களின் மூடிகளும் புறப்படும்போது பிய்ந்து போயின. ஒரு எஞ்சினில் தீப்பிடித்தது. மும்பையில் நடந்த அதே பிழை. எண்ணெய் ஊற்றும் வேலையை முடிக்க இரவில் திரும்பி வந்த தொழில்நுட்பவியலாளர்கள் தவறுதலாக வேறு விமானத்துக்குப் போனார்கள். அங்கே மூடிகள் பூட்டப்பட்டிருக்கக் கண்டு, வேறெவரோ பூட்டிவிட்டார் என்று எண்ணினார்கள். சிறிய நாட்டுக்குத்தான் இந்தப் பாடம் கூடுதலாகத் தேவை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விமானப் பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் நல்ல சம்பளம் தேடி வெளிநாடுகளுக்குப் போனது நாடறிந்த விடயம். மூவர் செய்த வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் பர்மிங்காமின் அந்த இரவு மீண்டும் வருவதற்கு எல்லாத் தயாரிப்பும் இருக்கிறது. பயணிகள் விமானங்களுக்கான பெரிய பராமரிப்புக் கூடம் பலாலியில் இல்லை. எனவே பெரிய வேலைகள் வேறு நகரங்களில் நடக்கின்றன. தூரத்தில் நடப்பதால் அதைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் போய்விடாது.

இரண்டாவது ஆளை வைத்துச் சரிபார்த்தால் போதாதா என்பதும் அடிக்கடி வரும் வாதம். அவசியம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. டெக்சாஸ் விபத்துக்கு முந்திய இரவில், பரிசோதிக்க வேண்டிய ஆளே ஸ்குரூக்களைக் கழற்ற உதவிக்குப் போனார். 1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் எயார்லைன்ஸ் விபத்துக்கு வித்திட்டது, 1978இல் போயிங் நிறுவனத்தின் ஆட்கள் பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரில் செய்த பிழையான திருத்த வேலை. இரண்டு வரிசை ஆணிகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கியது. ஏழு வருடம் எத்தனையோ பரிசோதனைகளைக் கடந்து அது மறைந்தே இருந்தது.

ஆகவே சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் வடக்கின் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டியவை தெளிவானவை. பராமரிப்புப் பணியாளர்கள் தங்கள் பிழைகளையும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பயமின்றி அறிவிக்க, சட்டப் பாதுகாப்போடு கூடிய இரகசிய வழி இருக்கிறதா, அது தமிழிலும் சிங்களத்திலும் எழுதக்கூடியதா என்று கேளுங்கள். கைநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பது தவிர்க்க முடியாதது. ஒருவர் தன் தவறை மனம் திறந்து எழுதுவதற்கு அவருடைய சொந்த மொழி வேண்டும். இரவு ஷிஃப்டில் தொடர்ந்து எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்ற வரையறையும் அதை மீறிய நிறுவனத்துக்கு அபராதமும் வேண்டும். விசாரணை அறிக்கைகள் முழுமையாக வெளிவர வேண்டும். பலாலி வளர வேண்டும் என்று கேட்கும் நாம், அங்கே ஓடுபாதையை நீட்டுவதோடு பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்களையும் போதிய வெளிச்சமும் கருவிகளும் உள்ள வேலைத்தலத்தையும் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்து இளைஞர்களில் இந்தத் தொழிலுக்கு ஏற்ற கைகளுக்குக் குறைவில்லை.

பயணிகளிடம் ஒரு வேண்டுகோள். தொழில்நுட்பக் காரணத்தால் விமானம் தாமதம் என்று அறிவிப்பு வரும்போது கவுண்டரில் நிற்பவரை ஏசாதீர்கள், இன்னும் எத்தனை நேரம் என்று நெருக்காதீர்கள். அந்த நெருக்குதல் படிப்படியாக இறங்கி, விமானத்தின் அடியில் டோர்ச்சோடு நிற்கும் ஒருவரின் தலையில்தான் வந்து விழுகிறது. அவர் பூட்டை இரண்டாவது தடவை பார்க்கட்டும். காத்திருங்கள்.